பாலம் இல்லாத ஆறு: காட்டுப் பாதைகளில் ஆற்றைக் கடப்பது பற்றிச் சில குறிப்புகள்

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் ஊரில் சொல்வார்கள். குளத்துக்கும் கிணற்றுக்கும் பொருத்தமான அறிவுரை. மலை ஆற்றுக்கு அது பாதிதான் பொருந்தும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடும் தண்ணீர், அதுவும் அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிற தெளிந்த தண்ணீர், நன்றாக நீந்தத் தெரிந்த ஆளையும் சாய்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஏன் அப்படி என்று தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

ட்ரெக்கிங் பற்றிப் பேசும்போது நாம் மலையேற்றம், பனி, காட்டு விலங்கு என்றுதான் பயப்படுகிறோம். நடுவில் ஓர் ஆறு வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. பாலம் இருக்கும், இல்லாவிட்டால் இறங்கிக் கடக்கலாம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் இந்த ‘அவ்வளவுதானே’வைச் சுற்றி ஒரு நாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்து. நான் அங்கே நடந்தவன் இல்லை. விசாரணை அறிக்கைகள், பாதைக் கையேடுகள், பாதுகாப்பு அமைப்புகளின் அறிவுரைகள் ஆகியவற்றைப் படித்ததிலிருந்து எழுதுகிறேன். கணக்குப் போட்டது மட்டும் என் வேலை.

ஆற்றுக்கு ஒரு சாவு

19ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் ஆற்றில் மூழ்கி இறப்பதற்கு ஒரு பெயரே இருந்தது: ‘நியூசிலாந்துச் சாவு’. 1840க்கும் 1870க்கும் இடையில் மட்டும் ஆற்று விபத்துகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. அப்போது அந்த நாட்டில் குடியேறியிருந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது பயங்கரமான கணக்கு. பாலங்கள் கிடையாது. குதிரை மீதோ நடந்தோ கடக்க வேண்டும். ஆடு மேய்க்கப் போனவர், தங்கம் தேடப் போனவர், நில அளவையாளர், பாதிரியார் என்று எல்லா வகை மனிதர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

நிலத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். தென் தீவின் முதுகெலும்பு போல ‘சதர்ன் ஆல்ப்ஸ்’ மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலையில் மோதி அப்படியே கொட்டித் தீர்க்கிறது. மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை. இன்னும் வடக்கே கிராப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சராசரி 11,000 மி.மீ.யைத் தாண்டுகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சிரபுஞ்சி அளவு. இவ்வளவு மழையும் செங்குத்தான சரிவில் விழுந்து, குறுகிய தூரத்தில் கடலுக்கு ஓடுகிறது. அதனால் ஆறு சில மணி நேரத்தில் ஏறும். மழை நின்றால் சில மணி நேரத்தில் இறங்கவும் செய்யும். இந்த இரண்டாவது விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஆழமா, வேகமா?

இனி கணக்கு. ஓடும் தண்ணீர் நம் காலைத் தள்ளும் விசை மூன்று விஷயங்களைப் பொறுத்தது: தண்ணீரின் அடர்த்தி, நீரோட்டத்துக்கு எதிரே நிற்கும் உடம்பின் பரப்பு, நீரின் வேகம். இதில் வேகம் மட்டும் வர்க்கமாக வரும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

ஓர் ஆளை நிறுத்திப் பார்ப்போம். எடை 70 கிலோ, முதுகுப்பை 15 கிலோ. மொத்தம் 85. தண்ணீர் தொடை வரை, அதாவது 70 செ.மீ. ஆழம். இரண்டு கால்களும் சேர்ந்து நீருக்குக் காட்டும் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். நீர் நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில், நொடிக்கு 1.4 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், தள்ளும் விசை ஏறக்குறைய 22, 23 கிலோ எடைக்குச் சமம். ஒரு அரிசி மூட்டையை யாரோ பக்கவாட்டில் நம் காலில் சாய்த்துக்கொண்டே இருப்பது மாதிரி.

இதைத் தாங்கி நிற்க நமக்கு இருப்பது காலுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அந்த உராய்வு நம் எடையைப் பொறுத்தது. ஆனால் தண்ணீருக்குள் நம் எடை குறைந்துவிடுகிறதே! தொடை வரை மூழ்கிய கால்கள் சுமார் 20 லிட்டர் நீரை விலக்குகின்றன. 20 கிலோ போச்சு. மிச்சம் 65. ஈரமான, பாசி படிந்த கல்லில் உராய்வுக் குணகம் 0.4 என்று தாராளமாகவே வைத்தாலும், தாங்கும் சக்தி 26 கிலோ. தள்ளுவது 23, தாங்குவது 26. மயிரிழை. ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும் அந்த நொடியில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அதே வேகத்தில் இடுப்பளவு தண்ணீர். பரப்பு கூடுகிறது, தள்ளுவது 35 கிலோவைத் தொடும். மிதப்பும் கூடுகிறது, எடையில் 35 கிலோ காணாமல் போகும். தாங்கும் சக்தி 20 கிலோதான். ஆட்டம் முடிந்தது.

நியூசிலாந்தில் நடையர்களுக்குச் சொல்லித்தரும் பழைய விதி ஒன்று உண்டு. ஆற்றில் ஒரு குச்சியைப் போடு. கரையோரமாக அதோடு கூடவே நட. குச்சி உன்னை முந்தினால் ஆற்றில் இறங்காதே. ஆழமும் தொடையைத் தாண்டக் கூடாது. இந்த விதியைப் படித்தபோது ஏதோ தோராயமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டால் எல்லைக்கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கிறது. யார் இந்தக் கணக்கைப் போட்டார்களோ தெரியாது, ஆறு பலரை வைத்துப் போட்டிருக்கிறது.

இறங்குவதற்கு முன்

குச்சிச் சோதனை தவிர வேறு அடையாளங்களும் உண்டு. நீர் கலங்கிப் பழுப்பாக இருந்தால் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மரக்கிளைகள் மிதந்து வந்தால் மேலே எங்கோ கரை உடைகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து ‘கடகட’ என்று சத்தம் கேட்டால் படுகையில் பாறைகளே உருள்கின்றன. இந்த மூன்றில் எது இருந்தாலும் பேச்சுக்கே இடமில்லை, கடக்கக் கூடாது.

இடம் தேர்வு அதைவிட முக்கியம். குறுகலான இடம் கண்ணுக்குச் சுலபமாகத் தெரியும், நாலே எட்டில் அக்கரை. ஆனால் அவ்வளவு நீரும் அந்தச் சந்துக்குள்தான் போக வேண்டும், ஆழமும் வேகமும் அங்கேதான் அதிகம். ஆறு அகலமாக விரிந்து, பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடத்தில் நடக்க வேண்டிய தூரம் கூடும், ஆபத்து குறையும். 

அப்புறம், அக்கரையைப் பார்ப்பதற்கு முன் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். விழுந்தால் எங்கே போய்ச் சேருவோம்? மணல் திட்டா, அருவியா? ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் மரம் இருந்தால் அது மிக மோசம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், மனிதன் சல்லடையில் சிக்கிய உமி மாதிரி அங்கேயே நின்றுவிடுவான். வெள்ளம் அவனை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

குழுவாகக் கடப்பதற்கு அங்கே ஒரு முறை சொல்லித்தருகிறார்கள். பலசாலி மேற்பக்கம். மற்றவர்கள் அவருக்குக் கீழே, நீரோட்டத்துக்கு இணையாக வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் முதுகுக்கும் முதுகுப்பைக்கும் இடையே கையை நுழைத்து, அவருடைய பட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் ஆள் நீரைப் பிளக்கிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வேகம் குறைகிறது. ஒருவர் கால் வழுக்கினாலும் மற்றவர்கள் ஊன்றி நிற்பார்கள். ஷூவைக் கழற்றக் கூடாது, வெறுங்கால் கல்லில் நிற்காது. மார்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். நேர் குறுக்கே போகாமல் நீரோட்டத்தோடு கொஞ்சம் சாய்வாகக் கீழ்நோக்கிப் போக வேண்டும். பாதியில் முடியாது என்று பட்டால் வெட்கப்படாமல் திரும்பிவிட வேண்டும்.

அடித்துப் போனால்? மல்லாந்து, கால்களைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, கைகளால் துழாவிக் கரை பக்கம் போக வேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்கப் பார்ப்பதுதான் பலரும் இயல்பாகச் செய்வது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் உடம்பை முன்னே சாய்த்து அமுக்கிவிடும். முட்டளவு நீரில் மனிதர்கள் மூழ்குவது இப்படித்தான்.

கம்பி மேல் நடை

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு, பாலம் கட்டிவிடலாமே?

கட்டியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 14,000 கி.மீ.க்கு மேற்பட்ட நடைபாதைகளையும் 950க்கு மேற்பட்ட காட்டுக் குடில்களையும் பராமரிக்கிறது. அந்தப் பாதைகளில் பாலங்கள் பல வகை. சிற்றோடைகளுக்கு மரப்பலகைப் பாலம். பெரிய ஆறுகளுக்குத் தொங்குபாலம்: இரு கரையிலும் தூண், மேலே இரண்டு பெரிய கேபிள், அதிலிருந்து தொங்கும் நடைதளம். இன்னும் உள்ளே, ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் மூன்று கம்பிப் பாலம். பெயரே சொல்லிவிடுகிறது: கால் வைக்க ஒரு கம்பி, கை பிடிக்க இரண்டு கம்பி. குறுக்கே இங்கொன்றும் அங்கொன்றுமாக இணைப்புக் கம்பிகள், இடையில் வெறும் காற்று. முதுகில் பையோடு அதில் போவது சர்க்கஸ்தான். ஆனால் பொருள் செலவு மிகக் குறைவு, ஹெலிகாப்டரில் ஒரு நடையில் கொண்டுபோய் இறக்கிவிடலாம், வெள்ளம் மோதுவதற்கும் பெரிதாக எதுவும் இல்லை.

இந்தப் பாலங்களின் வாசலில் ஒரு பலகை இருக்கும்: ‘ஒரு நேரத்தில் ஒருவர்’ அல்லது ‘அதிகபட்சம் ஐந்து பேர்’. கேபிளைப் பார்த்தால் லாரியே போகலாம் போலத் தெரியும். ஒருத்தருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். இதிலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

40 மீட்டர் நீளமுள்ள கேபிளின் நடுவில் பையோடு 100 கிலோ எடையுள்ள ஆள் நிற்கிறார். கேபிள் நடுவில் 2 மீட்டர் தொய்ந்திருக்கிறது. கேபிளின் சொந்த எடையை விட்டுவிடுவோம். அந்த ஆளால் மட்டும் கேபிளில் ஏற்படும் இழுவிசை 100 கிலோ இல்லை, சுமார் 500 கிலோ. தொய்வு 1 மீட்டர்தான் என்றால் 1,000 கிலோ. துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஈரப் போர்வை போட்டதும் தொய்கிறதே, அதே சமாச்சாரம்தான். தட்டையாகக் கட்டினால் நடக்கச் சுகம், ஆனால் இழுவிசை எகிறும். இது எல்லாம் ஆள் சும்மா நிற்கும்போது. நாலு பேர் ஒரே தாளத்தில் நடந்து பாலம் குதிக்க ஆரம்பித்தால் இன்னும் ஏறும். அந்த மொத்த விசையும் கடைசியில் கரையில் புதைத்திருக்கும் நங்கூரத்திலும், ஒரு சில கொக்கி, போல்ட்டுகளிலும் போய் உட்காருகிறது.

ஆணியும் போல்ட்டும்

1995 ஏப்ரல் 28. பாபரோவா தேசியப் பூங்காவில் கேவ் கிரீக் என்ற இடம். ஒரு பெரும் பள்ளத்தைப் பார்க்க மரத்தால் அமைத்த மேடை. ஒரு கல்லூரி மாணவர் குழுவும் அவர்களை அழைத்துவந்த பாதுகாப்புத் துறை அலுவலர் ஒருவருமாக 18 பேர் அதில் நின்றபோது மேடை அப்படியே முன்னால் சாய்ந்து, 30 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். 13 பேர் மாணவர்கள்.

நீதிபதி கிரேம் நோபிள் தலைமையில் விசாரணை நடந்தது. வெளியே வந்த விவரங்கள் ஒவ்வொன்றும் அற்பமானவை, அதுதான் மனதைப் பிசைகிறது. மேடையைத் தகுதியுள்ள பொறியாளர் யாரும் வடிவமைக்கவில்லை. போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தார்கள், ஏனென்றால் அன்றைக்குத் துளையிடும் கருவியைக் கொண்டுபோகவில்லை. எதிர்எடையாக இருக்க வேண்டிய படிக்கட்டைச் சரியாக இணைக்கவில்லை. கட்டட அனுமதி இல்லை. தொடர்ந்து சோதிக்க வேண்டிய கட்டுமானங்களின் பட்டியலில் அது சேர்க்கப்படவே இல்லை. ஐந்து பேருக்கு மேல் நிற்காதீர்கள் என்ற அறிவிப்புப் பலகைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள், மாட்டவில்லை. 

துறை அமைச்சர் டெனிஸ் மார்ஷல் மறு ஆண்டு பதவி விலகினார். அரசுத் துறை மீதே குற்ற வழக்குத் தொடர வழி இல்லை என்ற நிலை பெரும் விவாதமாகி, 2002இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாலத்துக்கும் மேடைக்கும் கணக்கு, பொறியாளர் சோதனை, ஆள் வரம்பு என்ற ஒழுங்கு இந்த விபத்துக்குப் பிறகு வந்தது. 

அதன் பிறகும் 2015இல் வைகரேமோவானா ஏரிப் பாதையில் ஹோபுருவாஹினே தொங்குபாலத்தில் ஒரு பக்கக் கேபிள் பிடி விட்டு, நான்கு பிரெஞ்சு நடையர்கள் ஆற்றில் விழுந்தார்கள். நல்லவேளை, நால்வரும் பிழைத்தார்கள். பலகையில் எழுதியிருந்த வரம்பு 10 பேர். போனது நாலு பேர்தான். அவர்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை.

ஆற்றில் இறங்குபவர் தன் கண்ணால் பார்த்து, தன் காலால் சோதித்து முடிவெடுக்கிறார். பாலத்தில் ஏறுபவர் அந்த முடிவை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். கேபிளுக்குள் துரு ஏறியிருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியாது. அதைப் பார்க்க வேண்டியவர் பல மாதங்களுக்கு முன் வந்து போயிருப்பார், அல்லது வராமலே இருந்திருப்பார். அதனால்தான் ஒரு பாலத்தைக் கட்டுவதைவிட, கட்டிய பாலத்தை ஐம்பது வருடம் கவனித்துக்கொண்டே இருப்பது பெரிய பொறுப்பு. எல்லா ஆற்றிலும் பாலம் கட்டாமல் இருப்பதற்கு முதல் காரணம் இது.

எல்லா இடத்திலும் வேண்டுமா?

இரண்டாவது காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நியூசிலாந்தின் 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டப்படி சில பகுதிகளை ‘வனாந்தரப் பகுதி’ என்று ஒதுக்கலாம். அங்கே கட்டடம் கூடாது, சாலை கூடாது, வாகனம் கூடாது. மனிதன் தன் காலை மட்டும் நம்பிப் போகும் இடம் நாட்டில் எங்காவது மிஞ்ச வேண்டும் என்ற எண்ணம். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நெருடியது. அழகுணர்ச்சிக்காக உயிரைப் பணயம் வைப்பதா? ஆனால் அவர்கள் எல்லா இடத்தையும் அப்படி விடவில்லை. மில்ஃபோர்ட், ரூட்பர்ன் போன்ற ‘பெரு நடை’ப் பாதைகளில் முக்கியமான ஆறுகள் எல்லாவற்றுக்கும் பாலம் உண்டு, புதியவர்களும் போகலாம். அதற்கடுத்த நிலைப் பாதைகளில் சில ஆறுகளுக்குப் பாலம் இருக்காது. அதற்கும் அப்பால் எதுவுமே இருக்காது. எங்கே எது என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். 

நடுவழியும் ஒன்று இருக்கிறது. கோப்லண்ட் பாதையில் ரஃப் கிரீக் என்ற ஓடையைச் சாதாரண நாளில் இறங்கியே கடக்கலாம். மேலே கொஞ்ச தூரத்தில் ஒரு ‘வெள்ளப் பாலம்’ இருக்கிறது. தண்ணீர் ஏறிய நாளில் சுற்றிப்போய் அதில் கடக்க வேண்டும். சுற்று என்பதால், ‘பரவாயில்லை, இறங்கிவிடலாம்’ என்ற சபலம் வரும். பாலம் இருந்தாலும் முடிவு நடப்பவர் கையில்தான்.

நாட்டின் வடகோடி முதல் தென்கோடி வரை சுமார் 3,000 கி.மீ. நீளும் தே அராரோவா பாதை 2011இல் திறக்கப்பட்டது. அதில் ரக்காயா, ரங்கிடாடா என்ற இரண்டு பெரும் ஆறுகள் குறுக்கிடுகின்றன. இரண்டையும் அபாயப் பகுதி என்று அறிவித்து, பாதையின் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு கரையில் பாதை முடிகிறது, மறு கரையில் தொடங்குகிறது. இடையில் வண்டியில் சுற்றிப் போய்க்கொள்ளுங்கள் என்கிறார்கள். 3,000 கி.மீ. நடந்தவனுக்கு வண்டி ஏறுவது மானப் பிரச்சினையாகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது. 

காத்திருப்பது

பாலம் இல்லாத ஆறு ஏறியிருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்துகொள்வது. முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த மலை ஆறுகள் ஏறிய வேகத்தில் இறங்கும். மழை விட்டால் பெரும்பாலும் மறுநாளே கடக்கும் நிலைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் சியரா நெவாடா போன்ற பனி உருகி ஓடும் இடங்களில் வேறு தாளம்: பகல் வெயிலில் பனி உருகி மாலையில் நீர் ஏறும், விடியற்காலையில் குறைவாக இருக்கும். அங்கே இரவு தங்கிக் காலையில் கடப்பார்கள். 2017இல் அளவுக்கு மீறிப் பனி பெய்த ஆண்டில், அந்த மலைகளில் ஆற்றைக் கடந்த நெடுந்தூர நடையர்கள் இருவர் இறந்தார்கள். 

ஆனால் காத்திருப்பது சொல்லும் அளவுக்குச் சுலபம் இல்லை. நாளைக்கு விமானம். லீவு முடிகிறது. சாப்பாடு இன்றோடு சரி. கூட வந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் தேடுவார்கள். போதாக்குறைக்கு அக்கரையில் குடிலின் கூரை தெரிகிறது. பெரிய ஆற்றில் பாலம் இருந்து, அதற்கு முன்னால் வரும் பெயரில்லாத ஓடையில் பாலம் இல்லாமல் இருக்கும்போதும் இதே கதைதான். ஆற்றுக்குப் பயந்தவன் ஓடையை மதிக்க மாட்டான். ஆற்றில் இறங்குகிறவர்களைப் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய அறியாமை தள்ளுவதில்லை, காலண்டர்தான் தள்ளுகிறது.

அதனால் அங்கே கொடுக்கும் அறிவுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு சம்பந்தப்பட்டது கூட இல்லை. ஒரு நாளைக்கான உணவை எப்போதும் கூடுதலாக எடுத்துப் போ. திரும்பி வரும் தேதியை வீட்டில் சொல்லும்போது ஒரு நாள் தள்ளியே சொல். அதோடு, கிளம்பும் முன்பே கூட வருபவர்களிடம் பேசி வைத்துவிடு: யாராவது ஒருத்தர் ‘வேண்டாம்’ என்றால் யாரும் இறங்குவதில்லை.

நம்மில் பலர் இப்போது இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை என்று குழுவாகப் போகத் தொடங்கியிருக்கிறோம். புறப்படும் முன் வழிகாட்டியிடம் எத்தனை கி.மீ., எவ்வளவு உயரம் என்று கேட்கிறோம். இனிமேல் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். வழியில் எத்தனை ஓடை, ஆறு குறுக்கே வருகிறது? தண்ணீர் ஏறிவிட்டால் எங்கே தங்குவோம்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரோடு மழைக்காலத்தில் போக வேண்டாம் என்பது என் கட்சி.